ஒன்றாம் சேனல்

ஜெசிந்தா அன்று சொன்னதை இத்தனை வருஷமாக நான் முழுக்க நம்பியதில்லை. நம்பவில்லை என்றும் சொல்லிவிட முடியாது. பாதி நம்பிக்கை பல்லிடுக்கில் மாட்டிய நார் மாதிரி. வேலை இருக்கும்போது நாக்கு அந்தப் பக்கம் போவதில்லை, சும்மா இருந்தால் வேறெங்கும் போவதில்லை. இப்போது சும்மா இருக்கிறேன். அரியமங்கலத்தில், அரிசி ஆலையின் கிடங்காக இருந்து இப்போது கச்சேரிக்கு வாடகைக்கு விடப்படும் இந்த நீளமான கட்டடத்தில், மேடையின் பின்னால் இடது மூலையில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறேன். முன்னால் சுவரில் படம் காட்டும் புரொஜெக்டரோடு இணைத்த லேப்டாப், மடியில் கேம் கன்ட்ரோலர். எத்தனை முறை சுண்ணாம்பு அடித்தாலும் சுவரிலிருந்து தவிட்டு வாசனை போகவில்லை. கதவு திறந்திருக்கிறது, சாயங்கால வெயில் பாதி மேடை வரைக்கும் வந்து நிற்கிறது, ஆட்கள் வர இன்னும் நேரமிருக்கிறது. எனக்கு முன்னால், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, கீபோர்டின் ஒயர்களைச் சிக்கெடுத்துக்கொண்டிருக்கிறாள் என் மனைவி ஜெசிந்தா. அவள் சொன்னது இதுதான்: தஞ்சாவூரில் ஒரு கல்லூரி விழாவில் அவளும் நானும் டிரம்ஸ் வாசிக்கும் குணாளனும் முதன்முதலாக மேடையேறிய அன்று, கடைசிப் பாட்டு முழுக்கச் சுவரில் ஆடிய வெளிச்ச வட்டத்தை ஆட்டியது என் கட்டைவிரல்தான், கன்ட்ரோலரின் விளக்கு அணைந்தது கைதட்டல் தொடங்கிய பிறகுதான். "கைதட்டும்போதுதாங்க அணைஞ்சது, நான் பார்த்தேனே." அன்றைக்கும் இப்படித்தான் உட்கார்ந்திருந்தாள், எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு. முதுகால் எப்படிப் பார்த்தாள் என்று கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. கேட்டால் பதில் வந்துவிடுமே என்ற பயம்.

பயப்படுகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது என்று எனக்கு நானே கேட்டுக்கொள்வேன். இருக்கிறது. பகலில் நான் எக்ஸ்ரே எடுக்கிறவன். மூச்சை இழுங்க, அப்படியே பிடிங்க, ஆடாதீங்க, விடுங்க. முப்பது வருஷமாக ஒரு நாளைக்கு எத்தனையோ முறை சொல்கிற வாக்கியம், தூக்கத்திலும் சொல்கிறேன் என்று ஜெசி சொல்வாள். ஆடினால் படம் கெட்டுவிடும். உலகத்தையே ஆடாதே என்று சொல்லிக்கொண்டிருந்த ஒருவன், ஐம்பதை நெருங்கும்போது ஆடுகிற படத்துக்கு ஏன் ஆசைப்பட்டான் என்று தெரியவில்லை. ஜெசியும் குணாளனும் கீபோர்டும் டிரம்ஸுமாக ஊர் ஊராக வாசிக்கப் போனபோது, நான் பெட்டி தூக்கிக்கொண்டு போய் மேடைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருப்பேன். நிற்கிற ஆளைப் பார்த்து யாராவது தண்ணீர் பாட்டில் கேட்பார்கள். அப்போதுதான் மகள் ஷெரின் கல்யாணமாகி ஓசூர் போனாள். அவள் விளையாடிக்கொண்டிருந்த கன்ட்ரோலர் மேஜை டிராயரில் கிடந்தது. போனில் சும்மா சொன்னாள், "அப்பா, அதை வச்சு ஸ்கிரீன்ல படம் ஆட்டலாம்பா, மிடியா மாத்தினா போதும்." மிடி என்றால் என்ன என்று தேடிப் படித்தேன். இசைக் கருவிகள் தமக்குள் பேசிக்கொள்கிற மொழி. அதில் சத்தம் கிடையாது, எண்கள் மட்டும்தான். பூஜ்யத்திலிருந்து நூற்றிருபத்தேழு வரைக்கும். விரல் எவ்வளவு தள்ளியது என்பது ஒரு எண்ணாகிப் போய், அந்தப் பக்கம் ஒரு நிறமாக எழுந்திருக்கிறது. படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. இடது குச்சியைக் கட்டைவிரலால் தள்ளினால் வட்டம் நகரும், வலது குச்சியில் நிறம் மாறும், கீழே ஆள்காட்டி விரலுக்கென்று இருக்கும் விசையை அழுத்த அழுத்த வட்டம் பெரிதாகும். துப்பாக்கி சுடுவதற்காக வைத்த விசை அது. அதை அழுத்தினால் ஒரு சுவர் முழுக்க மஞ்சள் விரிகிறது. இதைவிட நல்ல கதி ஒரு துப்பாக்கிக்கு வாய்க்குமா என்று அன்று ஜெசியிடம் சொன்னேன். "சோத்தைத் தின்னுட்டு சொல்லுங்க" என்றாள். தஞ்சாவூரில் அந்தக் கடைசிப் பாட்டில் வட்டம் என் விரலோடு ஏறி இறங்கியபோது, பிள்ளைகள் மூச்சுவிடாமல் பார்த்தபோது, என் நெஞ்சில் திறந்தது எதுவோ அதுதான் அன்றிலிருந்து என்னை நடத்திக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு எத்தனையோ மேடை. ஒவ்வொன்றுக்கும் அந்த ஒரு பாட்டை நம்பித்தான் போய் உட்கார்ந்தேன். ஆனால் தஞ்சாவூரில் அந்தப் பாட்டு முடிந்து, கைதட்டல் முடிந்து, மடியைக் குனிந்து பார்த்தால் கன்ட்ரோலரின் விளக்கு செத்துக் கிடந்தது. பேட்டரி தீர்ந்திருந்தது. எப்போது தீர்ந்தது?

"மாமா, கனவா?" குணாளன் டிரம்ஸுக்குப் பின்னாலிருந்து கேட்கிறான். நாற்பது வயது, வாய் அடங்காது, ஜெசியை அக்கா என்று கூப்பிடுவதால் நான் மாமா. "சும்மா சொல்றேன்னு நினைக்காதீங்க. இப்பல்லாம் சாப்ட்வேரே பாட்டைக் கேட்டு அதுவா ஆடுது. மதுரையில ஒரு டீம் அப்படித்தான் ஓட்டுறானுங்க. ஆளே வேணாம். நீங்க முன்வரிசையில உட்கார்ந்து முறுக்குத் தின்னலாம்." சிரித்தேன். அவன் கேலிக்குத்தான் சொல்கிறான், ஆனாலும் சொல்வதில் பொய் இல்லை, நானும் வீட்டில் போட்டுப் பார்த்திருக்கிறேன், அது நன்றாகவே ஆடுகிறது. களைப்பதில்லை, பேட்டரியும் தீர்வதில்லை. என் கை இங்கே எதற்கு என்பதற்கு என்னிடம் இருக்கிற ஒரே பதில் தஞ்சாவூர். அந்தப் பதிலிலேயே எனக்குச் சந்தேகம். இன்றைக்கு ஒரு முடிவோடு வந்திருக்கிறேன், யாரிடமும் சொல்லவில்லை: இன்று நன்றாகப் போனாலும் போகாவிட்டாலும் அடுத்த மேடைக்கு சாப்ட்வேரையே விட்டுவிடலாம். ஐம்பத்தைந்து வயதில் மடியில் விளையாட்டுச் சாமான் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதற்கு ஒரு காரணம் வேண்டும். "அக்கா, இன்னைக்காவது அந்தக் கண்ணாடியைக் கழட்டுங்களேன்" என்று குணாளன் அங்கே தாவிவிட்டான். ஜெசியின் கீபோர்டு ஸ்டாண்டில் ஒரு ஸ்கூட்டர் கண்ணாடி இருக்கிறது, எங்கள் பழைய ஸ்கூட்டரிலிருந்து கழற்றியது. மாதா கோவிலுக்காக மாட்டியது. ஞாயிற்றுக்கிழமை பூசையில் அவளுடைய இடம் பீடத்துக்கு முன்னால், இடது தூணோரம், முதுகு பீடத்துக்கு. சாமியார் கையை உயர்த்துவதும் இறக்குவதும் வலது பக்கம் திரும்பினால்தான் தெரியும். திரும்பிக்கொண்டே வாசிக்க முடியாதென்று கண்ணாடியை வலப்பக்கம் சாய்த்து மாட்டினாள். சாமியாரின் கை எழுந்தால் சுரம் எழும், கை இறங்கினால் அடங்கும், நோட்டைப் பார்க்கவே மாட்டாள். கண்ணாடி வருவதற்கு முன்னால், கல்யாணத்துக்கும் முன்னாலிருந்தே அந்தக் கையைப் பார்த்துத்தான் வாசிக்கிறாள், எத்தனை சாமியார்கள் மாறியும். "ஹாரன் மட்டும்தான் பாக்கி" என்கிறான் குணாளன். "திருகு துருப்பிடிச்சு இறுகிப் போச்சு, கழட்ட வராது. உன் வேலையைப் பாருடா" என்கிறாள் ஜெசி. எப்போதும் சொல்கிற பதில். எப்போதும் நடக்கிற கேலி. காதில் விழுந்து போய்விடுகிறது.

சவுண்டு பார்க்கிற பக்ருதீன் பாய் ஒரு ஒயரை இழுத்துக்கொண்டு வந்தார். "சார், ரெக்கார்டிங் பெட்டி இன்னைக்கு மக்கர் பண்ணுது. அம்மா வாசிக்கிறதை உங்க லேப்டாப்புலயே ஏத்திக்கிறீங்களா? கீபோர்டு மிடி ஒயரை இதுல சொருகிடறேன்." சொருகுங்க பாய் என்றேன். முன்பு ஒருமுறை அப்படிச் செய்திருக்கிறோம், எங்கே என்று யோசித்தேன், ஞாபகம் வரவில்லை, யோசித்துக்கொண்டே கன்ட்ரோலரை மேஜையில் வைத்துவிட்டு பாட்டிலைத் திறந்து தண்ணீர் குடித்தேன். ஜெசி விரலைச் சூடாக்க எதையோ வாசிக்க ஆரம்பித்தாள். வலது கை கட்டைகளில், இடது கை கீபோர்டின் ஓரத்தில் இருக்கும் சின்னச் சக்கரத்தில். அந்தச் சக்கரத்தைக் கட்டைவிரலால் மேலே தள்ளினால் சுரம் நடுங்கும், கீழே இறக்கினால் நேராக நிற்கும். கீபோர்டுக்கு இழைந்து பாட வராது, அதற்காக வைத்த சக்கரம். சுரம் நடுங்கியது. சுவரில் என் வட்டம் எழுந்தது. தண்ணீர் புரையேறியது. கன்ட்ரோலர் மேஜையில் கிடக்கிறது, அதைத் தொட்டவர் யாருமில்லை, வட்டம் மேலே போகிறது. சுரம் நேராயிற்று, வட்டம் இறங்கிற்று. மறுபடி நடுங்கிற்று, மறுபடி எழுந்தது. சுவரின் உச்சியில் காற்றுக்காக விட்ட ஒரு துளை இருக்கிறது, வட்டம் அதன்மேல் போய் நின்றபோது நடுவில் கறுப்பாக ஒரு கண் முளைத்தது. பாட்டிலை மூடப் போனேன். மூடி வேறு பக்கம் விழுந்தது, எடுக்கவில்லை.

ஒன்று. மிடியில் ஒவ்வொரு விசைக்கும் சேனல், எண் என்று ஒரு முகவரி உண்டு, இது ஒன்றாம் சேனல், ஒன்றாம் எண். முதன்முதலாக எதையும் இணைக்கிறவன் ஒன்றிலிருந்துதான் தொடங்குவான், நானும் அப்படித்தான் தொடங்கினேன், இடது குச்சியின் ஏற்ற இறக்கத்துக்கு ஒன்றாம் சேனலில் ஒன்றாம் எண்ணைக் கொடுத்தேன், அதன்பிறகு மாற்றத் தோன்றவில்லை. கீபோர்டு செய்கிறவர்கள் அந்தச் சக்கரத்துக்கும் அதே ஒன்றைத்தான் கொடுத்திருக்கிறார்கள். லேப்டாப்புக்குக் கட்டைவிரல் யாருடையது என்று தெரியாது, எண் மட்டும்தான் தெரியும். இரண்டு பேர் ஒரே கதவைத் தட்டினால் உள்ளே இருப்பவனுக்குத் தட்டுகிற சத்தம் ஒன்றுதான். கீபோர்டின் ஒயர் என் லேப்டாப்புக்கு வந்தால்தான் இது நடக்கும், இத்தனை வருஷம் வரவில்லை, ரெக்கார்டிங்குக்குத் தனிப் பெட்டி வந்துவிட்டது. அதற்கு முன்பு வந்தது. எங்கே வந்தது என்று இப்போது ஞாபகம் வந்துவிட்டது. தஞ்சாவூரில் வந்தது. மூச்சை இழுங்க, பிடிங்க. ஆக, அன்றைக்கு விளக்கு எப்போது அணைந்திருந்தாலும் வட்டம் நின்றிருக்காது. என் விரல் செத்த குச்சியைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கலாம், அவள் சக்கரம் வட்டத்தைத் தள்ளிக்கொண்டிருந்திருக்கலாம். இப்போது மற்றவை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்கின்றன, வரவேண்டாம் என்றாலும் வருகின்றன. அந்தப் பாட்டில் வட்டம் ஏறியது, இறங்கியது, பக்கவாட்டில் ஒருமுறைகூடப் போகவில்லை. நான்தான் அப்படி அடக்கமாக ஆட்டினேன் என்று இத்தனை காலம் பெருமைப்பட்டுக்கொண்டிருந்தேன். சக்கரத்துக்குப் பக்கவாட்டே கிடையாது. வட்டம் என் விரலுக்கு ஒரு கணம் பின்னால் வந்தது, கூப்பிட்டால் திரும்பிப் பார்த்துவிட்டு வருகிற பிள்ளை மாதிரி. லேப்டாப் பழசு, அதனால்தான் என்று நினைத்தேன். பிறகு குணாளன் சொல்வது. தஞ்சாவூர்ப் பேச்சு எடுத்தாலே சொல்வான், "அன்னைக்கு அக்கா கடைசிப் பாட்டுல எங்கயோ போயிட்டாங்க. ஒத்திகையில வாசிச்சது ஒண்ணு, மேடையில வேற. சுரமெல்லாம் அலை மாதிரி ஆடுது. நான் பின்னாடியே ஓடினேன், வேட்டியைப் பிடிச்சுக்கிட்டு." நாங்கள் எல்லோரும் சிரிப்போம். ஜெசியும் சிரிப்பாள்.

சரி, அப்படியானால் அது நான் இல்லை. சொல்லிப் பார்க்கிறேன், அது நான் இல்லை. நெஞ்சில் எதுவும் இடிந்து விழவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம், ஆனால் ஒரு சிறு குளிர், எக்ஸ்ரே அறையின் மேஜையில் வெறும் முதுகோடு படுக்கிறவர்கள் ஒரு கணம் சிலிர்ப்பார்களே அந்த அளவு. அவளுடைய பாட்டுக்கு வட்டம் அதுவாக ஆடியிருக்கிறது, குணாளன் சொல்கிற மதுரை டீமின் சாப்ட்வேர் மாதிரி. நான் நடுவில் ஒரு செத்த குச்சியோடு உட்கார்ந்து, எல்லாம் என் விரல் என்று பூரித்திருக்கிறேன். ரயில் புறப்படும்போது பிளாட்பாரத்திலிருந்து தள்ளிவிட்டவன் மாதிரி. ஆனால் இங்கேதான் எனக்கு நார் மாட்டுகிறது. வட்டம் என் விரலுக்குப் பின்னால் வந்தது. முன்னால் அல்ல. பாட்டுக்கு நான் ஆடியிருந்தால் விரல்தான் பின்னால் போயிருக்கும். நான் தள்ளினேன், பிறகு அது வந்தது. அந்த வரிசை எனக்கு நிச்சயமாகத் தெரியும், விரலுக்கு அது மறக்காது. நிச்சயமா? சந்தோஷமாக இருந்தவனின் சாட்சியம் எதற்காகும்? சந்தோஷமாக இருப்பவன் முன்னும் பின்னும் பார்க்கிறானா? நினைவு தனக்கு வேண்டிய மாதிரி அடுக்கிவைத்துக்கொள்ளும், எலும்பு மாதிரி அல்ல அது, எக்ஸ்ரேயில் விழாது. அவள் ஏன் பொய் சொல்லவேண்டும் என்பது வேறு. பொய் சொல்லத் தெரியாதவள், சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல ஒன்றும் கிடைக்காமல் என் மேல் கோபப்பட்டதைச் சொல்லிவிட்டு வருகிறவள். சேனலை இரண்டு என்று மாற்றினால் இப்போதே எல்லாம் சரியாகிவிடும். ஒரு சொடுக்கு. விரலை அதன்மேல் வைத்துக்கொண்டே இருந்தேன். ஜெசி விரல் சூடாக்குவதை நிறுத்தி, திரும்பாமலே, "என்னங்க, உங்களுக்கு எல்லாம் சரியா இருக்கா?" என்றாள். "சரியா இருக்கு" என்றேன். விரலை எடுத்துவிட்டேன். ஒன்று ஒன்றாகவே இருந்தது.

கதவைச் சாத்தினார்கள், வெயில் மேடையை விட்டு எழுந்துபோனது. ஆட்கள் நிறைந்துவிட்டார்கள், முன்னால் பாய் விரித்துப் பிள்ளைகள், பின்னால் நாற்காலிகள், யாரோ பொட்டலம் பிரிக்கிற சத்தம், யாரோ செருப்பைத் தேடுகிற சத்தம். குணாளன் குச்சிகளைத் தட்டி நான்கு எண்ணினான். முதல் பாட்டு ஜெசி கட்டியது, வார்த்தை கிடையாது, பெயரும் வைக்கவில்லை, வீட்டில் அதை நாங்கள் சாம்பார்ப் பாட்டு என்போம், சாம்பார் கொதிக்கும்போது வந்த மெட்டு. கன்ட்ரோலரை எடுத்தேன். உள்ளங்கையில் அதன் சூடு, மகள் தேய்த்துத் தேய்த்து வழவழப்பான இடம், அங்கே என் விரலும் தேய்ந்துகொண்டிருக்கிறது. வட்டம் எழுந்தது, நீலம். இடது பக்கம் போனேன், வலது பக்கம் போனேன், துளையின் மேல் போய்க் கறுப்புக் கண்ணைத் திறந்து காட்டினேன், பாயில் ஒரு பிள்ளை "முழிக்குது" என்றது. சந்தோஷம் வந்துவிட்டது. இதுதான் எனக்குப் புரியாதது, எவ்வளவு யோசித்தாலும், எவ்வளவு சந்தேகப்பட்டாலும், விசையை அழுத்தி மஞ்சள் விரிந்தால் அது வந்துவிடுகிறது, அனுமதி கேட்பதில்லை. கையில் இருக்கும்போது கேள்வி எல்லாம் சின்னதாகிவிடுகிறது. அப்போது எனக்கு ஒன்று தோன்றியது, தோன்றியது என்பதைவிட என் பெருவிரல் அதுவாகவே போய்ச் செய்தது. கன்ட்ரோலரின் நடுவில் இருக்கும் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். விளக்கு இரண்டு முறை மின்னி அணைந்தது. நானே அணைத்தேன்.

வட்டம் சுவரின் நடுவில் நின்றது. இப்போது பாட்டுக்கு அது அதுவாக ஆடினால் குணாளன் சொன்னது சரி, அடுத்த மேடையில் நான் முறுக்குத் தின்னலாம். ஜெசியின் வலது கை கட்டைகளில் ஓடுகிறது, இடது கை சக்கரத்தின் மேல், சுரம் நேராகப் போகிறது. செத்த குச்சியை மெல்ல மேலே தள்ளினேன். ஒன்றுமில்லை. ஒரு மூச்சு நேரம். பிறகு சுரம் நடுங்கியது, வட்டம் எழுந்தது. தற்செயல், சாம்பார்ப் பாட்டில் அந்த இடத்தில் எப்போதும் நடுங்கும், வீட்டில் கேட்டிருக்கிறேனே. குச்சியை இறக்கினேன். வட்டம் இறங்கியது, ஒரு மூச்சு பின்னால். இதுவும் தற்செயல் என்று சொல்லிக்கொண்டேன். இனிப் பாட்டு கேட்காத ஒன்றைச் செய்யவேண்டும். குணாளன் வேகமெடுத்துவிட்டான், கிடங்கின் தகரக் கூரை அதிர்கிறது, இந்த இடத்தில் ஜெசி சக்கரத்தை மேலே தள்ளிக்கொண்டே போய் சுரத்தை உதறுவாள், எல்லோரும் அதற்குத்தான் காத்திருக்கிறார்கள். நான் குச்சியை நடுவில் நிறுத்தினேன். நிறுத்தி, பிடித்துக்கொண்டேன். மூச்சை இழுங்க, பிடிங்க, ஆடாதீங்க. டிரம்ஸ் ஓடுகிறது, பிள்ளைகள் பாயைத் தட்டுகிறார்கள், சுவரின் நடுவில் வட்டம் ஆடாமல் நிற்கிறது, அதற்கு அடியில் ஒரே ஒரு சுரம் கோடு போட்ட மாதிரி ஒரே மெல்லிய நடுக்கத்தில் நிற்கிறது, உதறவே இல்லை, நிற்கிறது, நிற்கிறது, குணாளன் தலையைத் தூக்கி ஜெசியைப் பார்க்கிறான், அக்கா மறுபடியும் எங்கயோ போயிட்டாங்க என்று அவன் முகத்தில் எழுதியிருக்கிறது. விடுங்க. குச்சியை உச்சி வரைக்கும் தள்ளினேன். ஒரு மூச்சு. சுரம் மொத்தமாக உதறிக்கொண்டு எழுந்தது, வட்டம் துளைக்கு மேலே போய் முட்டியது, கண் திறந்தது, கூட்டம் ஓ என்றது. நான் சிரித்துவிட்டேன். வாய்விட்டு. மடியில் உயிரில்லாத ஒரு பிளாஸ்டிக், அதைத் தள்ளுகிறேன், முன்னால் ஒரு பெண்ணின் கட்டைவிரல் அசைகிறது, ஒரு சுவர் அசைகிறது, நூற்றைம்பது பேர் அசைகிறார்கள். இதில் எது மிடி, எது ஒயர், யாருடைய எண் யாருக்குப் போகிறது? வட்டத்தை ஆட்டியது நான் இல்லை. அவளும் இல்லை. அப்படியும் சொல்ல முடியாது, இரண்டு பேரும்தான். ஏற்றினேன், இறக்கினேன், குறும்புக்குப் பாதியில் நிறுத்தினேன், எல்லாவற்றுக்கும் ஒரு மூச்சு பின்னால் வந்தாள். அந்த ஒரு மூச்சைத்தான் இத்தனை வருஷமாகப் பழைய லேப்டாப் என்று நினைத்திருக்கிறேன்.

ஆனால் அவளுக்கு முதுகில் கண் இல்லை. இது மட்டும் மாட்டிக்கொண்டு நிற்கிறது. பாட்டு அடங்குகிற இடத்துக்கு வந்துவிட்டது, இன்னும் சில வரிகள்தான், என் விரலை அவள் எங்கிருந்து பார்க்கிறாள்? மேடையில் இருக்கும்போது நான் சுவரைப் பார்ப்பேன், லேப்டாப்பைப் பார்ப்பேன், அவளைப் பார்த்ததில்லை, அவள் இருக்கிற இடத்தில் ஒரு முதுகும் ஒரு கொண்டையும் இருக்கும் என்பது தெரிந்த விஷயம், தெரிந்ததைப் பார்க்கவேண்டியதில்லை. இன்றைக்குத்தான் பார்த்தேன். கொண்டையில் ஒரு பின்னூசி தளர்ந்திருந்தது. தோளுக்கு அந்தப் பக்கம், ஸ்டாண்டின் ஓரத்தில், வட்டமாக ஒன்று மின்னியது. ஸ்கூட்டர் கண்ணாடி. அதற்குள் அவள் கண்கள் இருந்தன. குவிந்த கண்ணாடி, எல்லாவற்றையும் சின்னதாகக் காட்டும், கண்கள் புளியங்கொட்டை அளவுதான், ஆனால் எங்கே பார்க்கின்றன என்பதில் தப்பில்லை. என் முகத்தையோ சுவரையோ பார்க்கவில்லை. என் மடியைப் பார்த்துக்கொண்டிருந்தன, சாமியாரின் கையைப் பார்க்கிற அதே பார்வை, கண் கொட்டாமல், உதடு லேசாகத் திறந்து. கண்ணாடிக்குள் எனக்கு அவள் தெரிந்தால் அவளுக்கு நான் தெரிகிறேன், இதற்கு எக்ஸ்ரே படித்திருக்க வேண்டியதில்லை. கோவிலில் அந்தக் கண்ணாடி வலப்பக்கம் சாய்ந்திருக்கும். இங்கே இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது. ஞாயிறு தவறாமல் ஸ்டாண்டை மடக்கி நான்தான் காரில் ஏற்றுகிறேன், கோவிலில் இறக்குகிறேன், மேடைக்குத் தூக்குகிறேன், ஒருமுறைகூட என் கண்ணில் படவில்லை. துருப்பிடித்து இறுகிப்போன திருகு. கடைசிச் சுரத்துக்குக் குச்சியை மெல்ல இறக்கினேன், அவள் மெல்ல இறக்கினாள், வட்டம் சுவரின் அடியில் போய், பாயில் உட்கார்ந்திருந்த பிள்ளைகளின் தலைக்கு நேராக, அணைந்தது. கைதட்டல். குணாளன் குச்சியை அக்குளில் இடுக்கிக்கொண்டு, "மாமா, என்னா சிரிப்பு அப்படி, அங்க ஏதாச்சும் படம் ஓடுதா?" என்றான். ஜெசி தண்ணீர்ப் பாட்டிலுக்காகக் கையைப் பின்னால் நீட்டினாள், எப்போதும் போல, திரும்பாமல். எழுந்துபோய்ப் பாட்டிலை அந்தக் கையில் கொடுத்தேன். அணைந்த கன்ட்ரோலர் இன்னொரு கையில் இருந்தது, அவள் அதைக் கண்ணாடியில் பார்த்தாள், நான் பார்ப்பதையும் பார்த்தாள், காது சிவந்தது. இத்தனை வருஷமாக நான் தயார் செய்து வைத்திருந்த கேள்வி வேறு. விளக்கு எப்போது அணைந்தது என்பது. அதை இப்போது கேட்க வேண்டியதில்லை. கைதட்டல் இன்னும் அடங்காததால் குனிந்து அவள் காதருகே கேட்டேன்.

"ஜெசி, இந்தக் கண்ணாடி எத்தனை வருஷமா என் பக்கம் திரும்பியிருக்கு?"